விடியுமுன் புறப்படுங்கள்: மட்டக்களப்பிலிருந்து குமணவுக்கு நண்பர்களோடு ஒரு நாள்

பெரிய பறவைகளைப் பார்க்க எங்காவது போகவேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது முதலில் வந்த பெயர் தீக்கோழி. ஏதாவது ஒரு பண்ணையைத் தேடிப் போகலாம் என்றார்கள். ஆளைவிட உயரம், ஓடினால் மணிக்கு 70 கிலோமீற்றர், ஒரு முட்டையே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆசை வருவது இயல்புதான். ஆனால் ஏறத்தாழ 140 கிலோமீற்றரில் குமண தேசிய பூங்காவின் வாயிலை வைத்துக்கொண்டு, கம்பிவேலிக்குள் நிற்கும் ஆப்பிரிக்கப் பறவையைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை. கூழைக்கடாவும் நாரையும் யாரும் தீனி போடாமல் தாமாக வந்து கூடு கட்டுகிற இடம் அது. நம் முதியவர்கள் கூமுனை என்று சொல்வார்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

நான் பல தடவை போயிருக்கிறேன். முதல் பயணம் வீணாயிற்று. காலை ஆறு மணிக்குத்தான் ஊரிலிருந்து புறப்பட்டோம். பூங்காவின் வாயில் இருக்கும் உகந்தையைச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அதன்பின் சாரதி யாரோ சிறுத்தையைக் கண்டதாகச் சொன்ன இடத்துக்கெல்லாம் ஜீப்பை விரட்டினார். மாலையில் தலைமுடி முழுவதும் செம்மண் தூளோடு திரும்பினோம். பறவைகள் கூடும் வில்லுக்கு, அதாவது ஆழமில்லாத அந்த நீர்நிலைக்கு, பக்கத்தில் நாங்கள் நின்றது பத்து நிமிடம்கூட இருக்காது. அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இரண்டு விடயங்களைச் சரியாகச் செய்தால் போதும். இருட்டில் புறப்படுங்கள்; வில்லின் கரையில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

எந்த மாதம், எந்த நாள்

கூடு கட்டும் காலம் மே தொடங்கி ஜூலை வரை. அந்த மாதங்களில் வில்லைச் சுற்றியுள்ள மரங்களில் குஞ்சுகளின் சத்தம் ஓயாது. நண்பர்களோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது மே நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரையான காலம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் இருக்கும். ஆனால் நவம்பரிலிருந்து ஜனவரி வரை நம் பக்கத்து மாரி மழை. காட்டுப் பாதை சேறாகிவிடும், சில இடங்களில் வெள்ளம் குறுக்கே ஓடும். பறவைகளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவர்கள் பெப்ரவரியில் போகலாம்.

ஆடி மாதத்தை ஒட்டி கதிர்காமப் பாதயாத்திரைக்காகக் காட்டுப் பாதையைத் திறப்பார்கள். ஆயிரக்கணக்கான அடியார்கள் உகந்தையில் கூடி, குமண வழியாகக் கும்புக்கன் ஆற்றைக் கடந்து நடப்பார்கள். அந்த நாட்களில் அடியார்களாகவே போங்கள். பறவை பார்க்கும் பயணத்தை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போயா தினத்தையும் நீண்ட விடுமுறைகளையும் தவிருங்கள். செவ்வாய், புதன் போன்ற வேலை நாளில் எல்லோரும் லீவு எடுக்க முடிந்தால் அதற்கு ஈடில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் பூங்கா திறந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்களும் வாகனமும்

ஆறு பேர் போதும். ஒரு ஜீப்பில் ஆறு பேர் வசதியாக இருந்து இரண்டு பக்கமும் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு ஜீப் பிடியுங்கள். ஒன்றிலேயே நெருக்கிக்கொண்டு போனால் நடுவில் இருப்பவர் நாள் முழுவதும் முன்னால் இருப்பவரின் முதுகைத்தான் பார்ப்பார். அமைதியாக இருக்க முடியாத நண்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. பார்த்த பறவைகளை எழுதும் கொப்பியை அவர் கையில் கொடுங்கள். வேலை கையில் இருந்தால் வாய் தானாக ஓய்ந்துவிடும். இது நான் கண்டு அறிந்த உண்மை.

உகந்தை வரை டொல்பின் வான் ஒன்று போதும். காட்டுக்குள் நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் வேண்டும். அறுகம்பையிலும் பாணமையிலும் வாடகைக்குக் கிடைக்கும். குறைந்தது மூன்று நாள் முன்பே தொலைபேசியில் பேசி, அரை நாளா முழு நாளா, எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும், நுழைவுக் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா என்பதையெல்லாம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அப்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: "எங்களுக்குச் சிறுத்தை வேண்டாம், வில்லின் கரையில் இரண்டு மணித்தியாலம் நிற்கவேண்டும்." முதலில் சாரதிக்கு விளங்காது. வருபவர்களெல்லாம் சிறுத்தையைக் கேட்டுக் கேட்டு அவர்களை அப்படிப் பழக்கிவிட்டார்கள். திரும்பவும் சொல்லுங்கள்.

வானை ஓட்டுபவர் முதல் நாள் இரவு எட்டு மணிக்கே படுத்துவிட வேண்டும். முடிந்தால் ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பையில் வைக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். உள்நாட்டவருக்கான கட்டணம் அதைக் காட்டினால்தான். தொப்பி, முழுக்கைச் சட்டை. பச்சை, மண்ணிறம், சாம்பல் போன்ற மங்கிய நிறங்கள். பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். தூளுக்கு மூக்கைக் கட்ட ஒரு கைக்குட்டை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், திரும்பப் பயன்படுத்தும் போத்தலில். பொலித்தீன் பைகளைப் பூங்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் சாப்பாட்டை வாழையிலையிலும் டப்பாவிலும் கட்டுங்கள்.

தொலைநோக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பயணத்தின் பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது. ஆறு பேருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். அதன் உடலில் 8 × 42 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்பக்கக் கண்ணாடி வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். மடங்கு கூடினால் நல்லது என்று 12, 16 என்று இரவல் வாங்கி வருவார்கள். ஜீப்பில் நான்கு பேர் அசையும்போது அதில் பறவை தெரியாது, நடுங்கும் வெள்ளைப் புள்ளிதான் தெரியும். 8 × 42 அல்லது 8 × 40 போதும். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் பறக்கும் நீர்க்காகங்களைப் பிடித்துப் பார்த்துப் பழகுங்கள். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவருவது ஒரு கைப்பழக்கம். காட்டுக்குள் போய்ப் பழக நேரமிருக்காது.

இரவுப் பாதை

இரண்டு மணிக்குப் புறப்படுங்கள். அதிகாலை இரண்டு மணி. பூங்காவின் வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். முதல் ஜீப்பாக நீங்கள் உள்ளே போகவேண்டும்.

காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஏ4 வீதி கடலோரமாகவே தெற்கே இறங்கும். பொத்துவில் வரை 107 கிலோமீற்றர் அளவில். இந்த நேரத்தில் வீதி வெறுமையாக இருக்கும். அதனாலேயே வேகம் கூடும், கவனம். கோமாரிக்குப் பின் யானை வீதியைக் கடக்கும் பகுதி. வேகத்தைக் குறைத்து, உயர் வெளிச்சத்தில் மெதுவாகப் போங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோன் அடிக்கவேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவேண்டாம். அது போகும்வரை காத்திருங்கள். அதற்கும் சேர்த்துத்தான் இரண்டு மணி என்கிறேன்.

எரிபொருளையும் கைக்காசையும் பொத்துவிலுக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் அறுகம்பைப் பாலம், பிறகு களப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே பாணமை. தமிழும் சிங்களமும் கலந்து வாழும் பழைய ஊர் அது. பத்தினித் தெய்வத்துக்காக அவர்கள் நடத்தும் அங்கெலிய, நம் ஊர்க் கண்ணகி கோவில்களின் கொம்புமுறி விளையாட்டோடு ஒரே வேர் கொண்டது. இரண்டு கொம்புகளைக் கொளுவி இரண்டு கட்சிகள் இழுப்பதை அங்கேயும் காணலாம். பகலில் திரும்பும்போது இந்த ஊரில் ஒரு தேநீருக்காவது நில்லுங்கள்.

பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் குடும்பிகல என்ற பாறைக் குன்றும் பௌத்த துறவிமடமும் இருக்கின்றன. வாகரைப் பக்கம், கிரான் பக்கம் உள்ளவர்கள் பெயரைக் கேட்டுக் குழம்புவார்கள். நம் குடும்பிமலை வேறு, இது வேறு.

உகந்தையில் அரை மணித்தியாலம்

ஐந்தேகாலுக்கு உகந்தையை அடைந்தால் கணக்குச் சரி. இருள் பிரியாத நேரத்தில் மலையும் அதன் அடியில் முருகன் கோவிலும் கடலின் இரைச்சலும் இருக்கும். முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் என்பது மரபு. முகம் கழுவி, வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். இந்தக் கோவிலுக்காகவே எங்கள் பயணத்தில் சாப்பாடு முழுவதும் மரக்கறிதான். மச்சம் சாப்பிட்டுவிட்டு உகந்தைக்குப் போவதை நம்மவர்கள் ஒப்பமாட்டார்கள்; நண்பர் கூட்டம் எந்தச் சமயத்தவரானாலும் அன்றைக்கு அதை மதிப்பது நல்லது. மது வேண்டவே வேண்டாம். கழிவறைத் தேவையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

வாயிலில் டிக்கெட் எடுக்கும்போது வழிகாட்டி ஒருவரைக் கேட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். அவருக்குச் சிங்களம்தான் வசதி என்றால், கொஞ்சமாவது பேசத் தெரிந்தவரை முன்னால் அமர்த்துங்கள். குருல்லா என்றால் பறவை, அலியா யானை, வலஹா கரடி, கிம்புலா முதலை. இந்த நான்கு சொல்லும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

உள்ளே போனபின் ஜீப்பிலிருந்து இறங்கக்கூடாது, குரல் எழுப்பக்கூடாது, உணவு எறியக்கூடாது. இந்த இடம் சும்மா கிடைத்ததல்ல. பறவைகளின் சரணாலயமாக 1938 இல் அறிவிக்கப்பட்டது. பிறகு யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவாயிற்று. 1985 இல் போரினால் மூடப்பட்டு 2003 இல்தான் மறுபடி திறந்தது. அடுத்த ஆண்டே சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. 2006 இல் குமண என்று பெயர் மாறியது. 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகப் பதிவாயிற்று. நம் தலைமுறையில் பலருக்கு இளமைக்காலம் முழுவதும் இது போகமுடியாத இடமாகவே இருந்தது. அதை நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

வில்லின் கரையில்

வாயிலிலிருந்து வில்லு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வழியில் சிறு குளங்கள், உப்புக் களப்புகள், முட்புதர்கள். காட்டுக்கோழி, மயில், புள்ளிமான், மரை, எருமை எல்லாம் தென்படும். ஜூன் மாதம் என்றால் பாலை மரங்களில் பழம் இருக்கும்; நாம் சந்தையில் பொட்டலமாக வாங்குகிற அதே பாலைப்பழம். கரடி அதற்காக மரத்தில் ஏறும். நின்று பாருங்கள். ஆனால் எட்டு மணிக்குள் வில்லை அடையவேண்டும் என்ற எண்ணம் மனதில் இருக்கட்டும்.

வில்லு என்றால் ஆழமில்லாத இயற்கை நீர்நிலை. பொத்துவில், நம் ஊர்க் கொக்குவில் ஆகிய பெயர்களில் இருக்கும் வில்லும் இதுதான் என்பார்கள். குமண வில்லு ஏறத்தாழ 200 ஹெக்டயர். கும்புக்கன் ஆற்று நீர் ஒரு வாய்க்கால் வழியே அதில் வந்து சேருகிறது. ஓரமெல்லாம் கிண்ணை மரம். அந்த மரங்களின் தலையில்தான் கூடுகள்.

இங்கே எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். யாராவது "போவோமா மச்சான்" என்பார். போகவேண்டாம். ஜீப் வந்து நின்றபோது தலையைத் தூக்கிய பறவைகள் மெல்ல மெல்லத் தம் வேலைக்குத் திரும்பும். அதன்பிறகு நடப்பதுதான் பார்க்கவேண்டியது.

மூன்று அலகுகளைப் பாருங்கள் என்று நான் புதியவர்களுக்குச் சொல்வேன். முதலாவது கரண்டிவாயன். வெள்ளை உடல், நுனி தட்டையாக அகன்ற கறுத்த அலகு. அலகைச் சற்றே திறந்து தண்ணீரில் விட்டு, நெல் அறுப்பவர் அரிவாளை வீசுவதுபோல் இடமும் வலமும் வீசிக்கொண்டு நடக்கும். மீன் அலகின் உட்புறத்தில் பட்டவுடன் மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்து அல்ல, தொட்டு உணர்ந்துதான் பிடிக்கிறது; கலங்கிய நீரும் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது மஞ்சள் மூக்கு நாரை. இதுவும் தொட்டுப் பிடிப்பதே. ஆனால் வீசாது, பாதி திறந்த அலகை நீரில் ஊன்றி, காலால் சேற்றைக் கிளறி இரையை எழுப்பும். இதன் இறக்கையின் பின்நுனியில் இளஞ்சிவப்பு இருக்கிறது. காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது பாருங்கள், அந்த நிறத்தைப் படத்தில் நான் ஒரு தடவையும் சரியாகப் பிடித்ததில்லை.

மூன்றாவது நத்தைகுத்தி நாரை. தூரத்தில் அழுக்கு வெள்ளையாக, அழகில்லாததுபோல் தெரியும். தொலைநோக்கியில் அலகை மட்டும் பாருங்கள். மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி. மறுபக்கத்து வெளிச்சம் அதனூடாகத் தெரியும். ஒரு தடவை எங்கள் ஜீப்பிலிருந்து இருபதடி தூரத்தில் ஒன்று நத்தையை எடுத்தது. கொட்டைப் பாக்கைப் பாக்குவெட்டி நசுக்குவதுபோல் நசுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அது நசுக்கவில்லை. நத்தையை மண்ணில் அழுத்திப் பிடித்தபடி, கீழ் அலகின் கூரிய நுனியை ஓட்டின் வாய்க்குள் நுழைத்துத் தசையை அறுத்து, முழுச் சதையையும் உருவி எடுத்தது. ஓடு உடையாமல் கிடந்தது. பதினைந்து விநாடி இருக்கும். ஆறு பேரில் ஒருவரும் பேசவில்லை. கொப்பி வைத்திருந்தவர் எழுதக்கூட மறந்துவிட்டார்.

ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறும்போது கூடுகளைப் பாருங்கள். தாயோ தந்தையோ சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இறக்கைகளைக் குடைபோல விரித்து அந்த நிழலில் குஞ்சுகளை வைத்திருக்கும். மணிக்கணக்காக அப்படியே நிற்கும். நாரைகளின் கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருப்பதையும் கவனியுங்கள். தம் எச்சத்தையே காலில் கழித்து, அது காயும்போது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. பட்ட மரத்தில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைக்கும். அதன் சிறகு நீரில் நனைந்து கனப்பதால்தான் அவ்வளவு ஆழத்தில் அமிழ்ந்து மீன் குத்த முடிகிறது; வெளியே வந்தால் உலர்த்தியே ஆகவேண்டும்.

கருங்கழுத்து நாரையைக் கண்டால் உங்கள் நல்ல காலம். ஆளின் நெஞ்சளவு உயரம், பவளநிறக் கால், மினுங்கும் கறுத்த கழுத்து. நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே உள்ளன. அருகே போக வற்புறுத்தவேண்டாம். கூடுள்ள மரத்தருகே ஜீப்பை நகர்த்தும்படியும் கேட்கவேண்டாம். பெற்றோர் எழுந்து பறந்தால் அந்த இடைவெளியில் காகமும் செம்பருந்தும் குஞ்சைத் தூக்கிவிடும். ஒரு படத்துக்கு அந்த விலை மிக அதிகம்.

சாப்பாடும் ஆறும்

பத்து மணிபோலக் கும்புக்கன் ஆற்றங்கரைக்குப் போகச் சொல்லுங்கள். ஓங்கிய மருத மரங்களின் நிழல். இறங்க அனுமதி உள்ள இடத்தை வழிகாட்டி காட்டுவார். அங்கே மட்டும் இறங்குங்கள். தண்ணீரில் கால் வைக்கவேண்டாம், முதலை இருக்கிறது.

காலைச் சாப்பாடு இங்கேதான். இரவே அவித்த புட்டு வெயிலில் புளித்துவிடும் என்று பயப்படுவார்கள். தேங்காய்ப்பூவைப் புட்டோடு சேர்க்காமல் தனியாக, இலேசாக வறுத்துக் கொண்டுபோங்கள். புட்டை நன்றாக ஆறவைத்த பிறகே வாழையிலையில் கட்டுங்கள். காய்ந்த மிளகாய்ச் சம்பல், வாழைப்பழம், கச்சான். தயிர் கொண்டுபோனால் சட்டியோடு, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொள்ள ஒருவரைப் பிடியுங்கள். வாழையிலையையும் தோலையும் காட்டில் போடவேண்டாம். குரங்கும் பன்றியும் பழகிவிடும். எல்லாம் திரும்பி வரவேண்டும்.

திரும்பும் வழி

ஒரு மணிக்குள் வாயிலுக்கு வெளியே வந்துவிடலாம். வழிகாட்டிக்கும் ஜீப் சாரதிக்கும் மனமாரக் கொடுங்கள். வில்லில் பொறுமையாக நின்ற சாரதிக்குக் கூடுதலாக. உகந்தைக் கடலில் குளிக்க எல்லோருக்கும் ஆசை வரும். அலையும் இழுப்பும் பலமான கரை அது. கால் நனைத்தால் போதும்; குளியலை அறுகம்பையில், மற்றவர்கள் குளிக்கும் பாதுகாப்பான பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு உகந்தையை விட்டுவிடுங்கள். யானைப் பகுதிகளைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். வானில் பின்னால் இருப்பவர்கள் தூங்கிவிழுவார்கள். சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவர் மட்டும் தூங்கக்கூடாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

கடைசியாக ஒன்று. திருக்கோவிலைத் தாண்டி, அக்கரைப்பற்றுக்கு முன், காலையில் இருட்டில் கடந்துபோன வயல்வெளியில் ஐந்து நிமிடம் வானை நிறுத்தி எல்லோரையும் எழுப்புங்கள். வரம்பிலும் வாய்க்கால் கட்டிலும் அழுக்கு வெள்ளையாகச் சில பறவைகள் நிற்கும். இத்தனை வருடம் கொக்கு என்று சொல்லிக் கடந்துபோனவை. தொலைநோக்கியை வாங்கி, அலகின் நடுவில் அந்த இடைவெளி தெரிகிறதா என்று ஒவ்வொருவராகப் பாருங்கள்.